அணுமின்சாரத்துக்கு 2031 குறி: செம்பனை ஆலை பாய்லர் தெரிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஜோர்ஜ்டவுன் - கடந்த 2025 ஜூலை 31-ஆம் நாள் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 13ஆவது மலேசியத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தபோது, நம் சமூகத்தின் காது வேறு பக்கம் இருந்தது. இந்தியர்களுக்கு எவ்வளவு ஒதுக்கீடு, தமிழ்ப்பள்ளிகளுக்கு என்ன, வீடமைப்புக்கு என்ன என்பதுதான் பேச்சாக இருந்தது. அதில் தவறில்லை. ஆனால் அதே திட்டத்தில் இருந்த இன்னொரு செய்தி, அடுத்த அறுபது எண்பது ஆண்டுகளுக்கு இந்நாட்டை விட்டுப் போகாத செய்தி, அதிகம் பேசப்படாமலே போனது. நாட்டின் மின்சாரத்தில் அணுசக்தியைச் சேர்ப்பது என்றும், அதற்கு 2031 என்ற ஆண்டை நோக்கி வேலை செய்வது என்றும் அரசாங்கம் சொல்லியிருக்கிறது.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், ஜூலை 10-ஆம் நாள் கோலாலம்பூரில் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வுக் குறிப்பு கையெழுத்தானது. எரிசக்தித் துறையைக் கவனிக்கும் துணைப் பிரதமர் டத்தோஸ்ரீ ஃபாடில்லா யூசோஃப் இதைப் பற்றிப் பலமுறை பேசிவிட்டார். திட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு மைபவர் கழகத்திடம் தரப்பட்டுள்ளது. அணுசக்தி உரிமச் சட்டமும் திருத்தப்பட்டுள்ளது. இடம் மட்டும் இதுவரை அறிவிக்கப்படவில்லை.

இடம் தெரியாததால் பேச்சு இரண்டு வகையாகப் பிரிந்து நிற்கிறது. "அணு என்றால் குண்டு, வெடித்தால் எல்லாம் சாம்பல்" என்பவர்கள் ஒரு பக்கம். "எல்லா நாட்டிலும் இருக்கிறது, நமக்கு என்ன பயம்" என்பவர்கள் மறுபக்கம். இருவருமே அந்த இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் ஆதரிப்பதிலும் அர்த்தமில்லை, எதிர்ப்பதிலும் வலுவில்லை.

பாய்லர்தான், ஆனால் தீ வேறு

நிபோங் திபால், சுங்கை பாக்காப், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையின் பாய்லரை யாரும் விளக்கத் தேவையில்லை. குலைகளிலிருந்து எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் ஓட்டையும் எரித்து நீரைக் கொதிக்க வைக்கிறார்கள். அந்த நீராவி டர்பைனைச் சுற்றுகிறது, ஆலைக்கு மின்சாரம் கிடைக்கிறது. குலைகளை அவிக்கவும் அதே நீராவிதான். அந்தக் காலத்தில் ஆலையின் மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரம் மட்டும் லயத்துக்கு வந்துவிட்டு நின்று போகும் என்பதும் பலருக்கு நினைவிருக்கும்.

அணுமின் நிலையமும் நீராவியில் டர்பைனைச் சுற்றும் ஆலைதான். தீ மட்டும் வேறு. யுரேனியம் அணு பிளக்கும்போது வெளிப்படும் வெப்பம் அங்கே விறகின் வேலையைச் செய்கிறது. உலகில் இன்று ஓடும் அணுவுலைகளில் பெரும்பாலானவை, புதிதாகக் கட்டப்படுபவற்றில் ஏறக்குறைய எல்லாமே, அழுத்த நீர் அணுவுலை என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ரஷ்யா, சீனா, தென்கொரியா, பிரான்ஸ், அமெரிக்கா என்று யார் விற்க வந்தாலும் பெரும்பாலும் இதைத்தான் விற்பார்கள். தமிழ்நாட்டின் கூடங்குளத்தில் ஓடுவதும் இதே குடும்பம்தான். அதனால் நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய வடிவமைப்பு ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. சாதாரணமாக நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். வீட்டு பிரஷர் குக்கரில் மூடி இறுகியிருப்பதால் அது சற்று மேலே, 120 பாகை வரை போகிறது. அழுத்த நீர் அணுவுலையில் நீரின் மேல் காற்று மண்டலத்தைப்போல் சுமார் 155 மடங்கு அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் நீர் 320 பாகைக்கு மேல் சூடேறினாலும் கொதிக்காமல் நீராகவே இருக்கும். செம்பனை ஆலை பாய்லர் தாங்கும் அழுத்தத்தை இதோடு ஒப்பிட்டால், அது இதில் ஒரு சிறு பங்குதான். இந்த அழுத்தத்தைத் தாங்குவது சுமார் 20 செ.மீ. கனமுள்ள எஃகுக் கொப்பரை. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள அந்தக் கொப்பரையை வார்க்கக்கூடிய பட்டறைகள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கொப்பரைக்குள் எரிபொருள் இருக்கிறது. விரல் நுனி அளவுள்ள யுரேனிய வில்லைகள், சிர்கோனியக் கலப்பு உலோகக் குழாய்களில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கூடங்குளத்தின் ஓர் உலையில் அத்தகைய கோல்கள் சுமார் 50,000, அவை 163 கட்டுகளாகக் கட்டப்பட்டுள்ளன. குண்டுக்குத் தேவையான யுரேனியம் வேறு தரம். மின்நிலையத்தில் பிளக்கக்கூடிய யுரேனியம் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்குதான். ஆகவே அணுவுலை அணுகுண்டைப்போல் வெடிக்காது. இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல, இயற்பியல் விதி. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

இந்த வகையின் சிறப்பு, இதில் இரண்டு நீர்கள் ஒன்றையொன்று தொடாமல் ஓடுவது. எரிபொருளைத் தொட்டு வரும் நீர், நீராவி உற்பத்திக் கலனின் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் ஓடி, தன் சூட்டை வெளியே இருக்கும் இரண்டாவது நீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இரண்டாவது நீர் கொதித்து டர்பைனுக்குப் போகிறது. கதிரியக்கம் முதல் சுற்றிலேயே நின்றுவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. மூன்றாவதாகக் கடல்நீர் வருகிறது. டர்பைனைச் சுற்றிய நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்குவது அதன் வேலை. 2011-இல் ஃபுகுஷிமாவில் உருகியவை இந்த வகை அல்ல. அங்கே ஒரே நீர் உலையில் கொதித்து நேராக டர்பைனுக்குப் போனது.

இன்னொரு நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். அணுப்பிளவு தொடர வேண்டுமானால் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க நீர் வேண்டும். உலை அளவுக்கு மேல் சூடேறினால் நீர் விரிந்து அடர்த்தி குறையும், நியூட்ரான்களின் வேகம் சரியாகக் குறையாது, பிளவு தானே மந்தமாகும். அதாவது சூடு கூடினால் தீ தணியும். 1986-இல் செர்னோபிலில் இருந்த உலை இதற்கு நேர்மாறான குணமுள்ளது, அதோடு அதற்கு முழுமையான காப்புக் கட்டடமும் இல்லை. நீரில் கரைத்த போரானும், மின்சாரம் போனால் தம் எடையாலேயே உள்ளே விழும் கட்டுப்பாட்டுக் கோல்களும் மற்ற கடிவாளங்கள். உலையை நிறுத்த இரண்டு மூன்று விநாடி போதும்.

நிறுத்தினாலும் அணையாத தணல்

அப்படியென்றால் என்னதான் பயம்? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் விற்பவர்களும் சுருக்கிச் சொல்கிறார்கள், எதிர்ப்பவர்களும் தாண்டிப் போகிறார்கள்.

செம்பனை ஆலையில் பாய்லரை நிறுத்த வேண்டுமானால் நாரைப் போடுவதை நிறுத்தினால் போதும், சில மணி நேரத்தில் தீ அடங்கிவிடும். அணுவுலையில் பிளவு நின்றாலும், ஏற்கனவே பிளந்த துண்டுகள் கதிரியக்கத்தால் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதை யாராலும் அணைக்க முடியாது. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையை (அதிலிருந்து கிடைக்கும் மின்சாரம் 1,000 மெகாவாட்) நிறுத்திய கணத்தில் இந்த மிச்ச வெப்பம் சுமார் 200 மெகாவாட் இருக்கும். ஒரு நாள் கழித்தும் 10 முதல் 15 மெகாவாட் வரை இருக்கும். அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீரை ஓட்ட பம்பு வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் நிலையமே மின்சாரம் இல்லாமல் தவிப்பதுதான் இந்தத் தொழிலின் கெட்ட கனவு.

ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காக நின்றன. அதன்பின் வந்த சுனாமி, தாழ்வான தளத்தில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. தணலைக் குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகள் உருகின. அதற்கு முன்பே, 1979 மார்ச் 28-ஆம் நாள், அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் அழுத்த நீர் அணுவுலை ஒன்றிலேயே இதைப் பார்த்தார்கள். ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கு அது மூடிவிட்டதாகக் காட்டியது. நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்த பணியாளர்கள் அவசர நீரைத் தாங்களே குறைத்தார்கள். எரிபொருளில் பாதி உருகியது. ஆனால் சுற்றியிருந்த கான்கிரீட் காப்புக் கட்டடம் பெரும்பாலான கதிரியக்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்டது. அந்த ஒரு நாளில் இந்த வடிவமைப்பின் பலவீனம், பலம் இரண்டும் தெரிந்துவிட்டன.

இன்று "நவீனம்" என்று சொல்லி விற்கப்படும் உலைகள் அந்தத் தணலுக்கான பதில்தான். அமெரிக்க வடிவமைப்பான ஏபி-1000-இல் காப்புக் கட்டடத்தின் உச்சியிலேயே சுமார் 30 லட்சம் லிட்டர் நீர்த்தொட்டி இருக்கிறது. மின்சாரம் போனால் பம்பு இல்லாமலே நீர் கீழே வழிந்து 72 மணி நேரம் குளிர்விக்கும். பிரெஞ்சு வடிவமைப்பில் ஒன்று பழுதானால் இன்னொன்று என்று நான்கு தனித்தனிப் பாதுகாப்பு ஏற்பாடுகள், இரட்டைக் காப்புச் சுவர். சீனாவின் ஹுவாலோங் ஒன்று இரண்டு வழிகளையும் கலந்தது. கூடங்குளத்தில் காப்புக் கட்டடத்துக்கு வெளியே காற்றில் குளிரும் குழாய்த் தொகுதிகள் உள்ளன. சூடான நீராவி தானே மேலே ஏறி, குளிர்ந்து, தானே கீழே இறங்கும். எல்லாம் கைவிட்டு எரிபொருள் உருகிக் கொப்பரையைத் துளைத்தாலும் அதைப் பிடித்து வைக்க அடியில் உருகுகலப் பிடிப்பான் ஒன்றும் வைத்திருக்கிறார்கள்.

இவை பொறியியலில் உண்மையான முன்னேற்றங்கள். எதிர்ப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது அவர்கள் வாதத்துக்கே நல்லதல்ல. அதே நேரத்தில் 72 மணி நேரம் முடிந்த பிறகு தொட்டிக்கு யார் நீர் ஊற்றுவார்கள் என்ற கேள்விக்கு விடை இயந்திரத்தில் இல்லை. அது சாலை, தீயணைப்புப் படை, மாவட்ட அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றில் இருக்கிறது. நம் ஊரில் வெள்ளம் வந்தால் முதல் 72 மணி நேரம் எப்படிப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூடங்குளம் காட்டியது

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட திட்டம் கூடங்குளம். முதல் கான்கிரீட் போட்டது 2002-இல். முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது 2014 டிசம்பர் 31. கையெழுத்திலிருந்து கணக்கிட்டால் 26 ஆண்டுகள், கட்டுமானத்திலிருந்து கணக்கிட்டாலும் 12 ஆண்டுகளுக்கு மேல். முதல் இரண்டு உலைகளுக்கு 13,171 கோடி ரூபாய் என்று போட்ட கணக்கு, 22,462 கோடியில் போய் நின்றது.

பணத்தைவிடப் பெரிய செலவு இடிந்தகரையில் நடந்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த மீனவர் குடும்பங்கள், தங்கள் வீட்டுப் பக்கத்தில் எழும்பும் இரண்டு குவிமாடங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொடங்கின. சுப. உதயகுமாரன் போன்றவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குகள் போடப்பட்டன, தேசத் துரோகப் பிரிவும் அதில் அடக்கம். 2012 செப்டம்பர் 10-ஆம் நாள் கடற்கரையில் கூடியவர்களைக் காவல்துறை கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தது. அதே நாளில் மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். 2013 மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நிலையத்துக்கு அனுமதி தந்தது, கூடவே 15 நிபந்தனைகளையும் விதித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், கூடங்குளத்து மக்களிடம் உருகுகலப் பிடிப்பானையும் காற்றுக் குளிர்விப்பானையும் யாரும் நேரத்தோடு உட்கார்ந்து விளக்கவில்லை என்பதுதான். நிலையம் ஏறக்குறைய கட்டி முடிந்த பிறகுதான் நிபுணர் குழு வந்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. பயன்படுத்திய எரிபொருளைச் சேமிக்கும் மையத்தை ஐந்து ஆண்டுகளில் கட்ட வேண்டும் என்பது நீதிமன்ற நிபந்தனைகளில் ஒன்று. அது முடியாமல் 2018-இல் காலக்கெடு 2022 வரை நீட்டிக்கப்பட்டது. 2019-இல் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் ஊடுருவல் நடந்தது வெளியானது. முதலில் மறுப்பு வந்தது, மறுநாள் ஒப்புதல் வந்தது. கட்டுப்பாட்டுக் கணினிகள் தனி என்பதால் உலைக்கு ஆபத்தில்லை என்றார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் முதலில் மறுத்தவர்களை மறுநாள் யார் நம்புவார்கள்?

சுனாமி கதையும் ஒன்று உண்டு, அது பினாங்குக்கும் சொந்தமானது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அப்பால் எழும்பிய அதே அலை, ஒரு பக்கம் தமிழ்நாட்டையும் மறுபக்கம் பினாங்கையும் தாக்கியது. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில்தான். அன்று சென்னைக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஓர் உலை ஓடிக்கொண்டிருந்தது. அது அழுத்த நீர் குடும்பத்தின் ஒன்றுவிட்ட உறவான கனநீர் உலை. கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, தணலும் ஒழுங்காகக் குளிர்விக்கப்பட்டது, சில நாள்களில் மீண்டும் இயங்கியது. ஆனால் பக்கத்து ஊழியர் குடியிருப்பில் பலர் அலையில் மாண்டார்கள். இயந்திரத்துக்கு உயரம் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தார்கள், மனிதர்களின் வீடுகளுக்கு அந்தக் கணக்கு போடவில்லை.

பினாங்கு வரைபடத்தில் ஒரு வட்டம்

பினாங்கில் அணுவுலை வரப்போகிறது என்று யாரும் சொல்லவில்லை. இருந்தும் ஒரு பயிற்சியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் முன்பிருந்த விதிப்படி அணுமின் நிலையத்தைச் சுற்றி 1.6 கிலோமீட்டருக்குள் குடியிருப்பு கூடாது, 16 கிலோமீட்டருக்குள் அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும். கொம்தார் கட்டடத்தை நடுவாக வைத்து 16 கிலோமீட்டர் வட்டம் போட்டால், பட்டர்வொர்த், பிறை, தண்ணீர்மலை, ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ் விமான நிலையம் எல்லாம் உள்ளே வருகின்றன. தீவிலிருந்து வெளியேற இரண்டு பாலங்களும் ஒரு ஃபெரியும். தைப்பூச இரவில் ஜாலான் உத்தாமாவில் கார் ஓட்டியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று நீர். மேலே சொன்ன 3,000 மெகாவாட் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி இரண்டு பங்கு, கடல்நீரை எடுத்துக் குளிர்வித்து வெதுவெதுப்பாகத் திருப்பி விடுவதில் போகிறது. கூடங்குளம் திறந்த கடலை நோக்கி இருக்கிறது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே குறுகலான, ஆழமில்லாத நீரிணையில் அப்படி ஒன்றை நினைத்துப் பார்க்கவே முடியாது. நிலக்கரி நிலையங்களும் இப்படித்தான் கடலைச் சூடாக்குகின்றன என்பது நியாயமான பதில். ஆனால் அங்குள்ள மீனவரைக் கேட்டால் அதுவே போதும் என்பார்.

ஆனால் வட்டம் பினாங்கில் விழாது என்பதற்காக நாம் வெளியாள்களாகிவிட மாட்டோம். தீபகற்பத்தின் மின்சாரம் ஒரே கம்பித் தொடர்தான். பிறையில் எரிவாயுவில் ஓடும் 1,071 மெகாவாட் நிலையமும் பேராக் கடற்கரையில் மஞ்சோங் நிலக்கரி நிலையமும் அதில்தான் சேர்கின்றன. பாயான் லெப்பாஸிலும் பத்து காவானிலும் உள்ள சில்லு ஆலைகளுக்கு இரவும் பகலும் ஒரு விநாடி தடங்காத மின்சாரம் வேண்டும். அங்கே நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஷிஃப்ட் வேலை செய்கிறார்கள். தீபகற்பத்தின் உச்ச மின்தேவை 2024-இல் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது, தரவு மையங்கள் இன்னும் வரிசையில் நிற்கின்றன. நிலக்கரியை 2044-க்குள் கைவிடுவது என்றும் அரசாங்கம் சொல்லியிருக்கிறது. சூரிய ஒளி பகலில் மட்டும். அப்படியானால் இரவுக்கு என்ன என்பது நேர்மையான கேள்வி. அணுசக்தியை ஆதரிப்பவர்கள் முட்டாள்கள் அல்லர். 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் எரிக்கும் இடத்தில், அதே அளவு அணுவுலைக்கு 20 முதல் 25 டன் எரிபொருள் போதும்.

காலமும் காசும்

அந்த ஆதரவு தடுமாறும் இடம் 2031. அணுமின்சாரத்துக்குப் புதிதாக வரும் ஒரு நாட்டுக்கு 10 முதல் 15 ஆண்டுகள் பிடிக்கும் என்பது அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தின் பொதுவான கணக்கு. பணத்துக்குப் பஞ்சமில்லாத ஐக்கிய அரபு சிற்றரசு 2009 டிசம்பரில் தென்கொரியாவுடன் ஒப்பந்தம் போட்டது. பராக்காவின் முதல் உலை மின்சாரம் கொடுத்தது 2020 ஆகஸ்டில். அனுபவம் உள்ள நாடுகளின் கதை இன்னும் மோசம். ஃபின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ உலை 2005-இல் தொடங்கி 2023-இல் முடிந்தது. பிரான்ஸின் ஃபிளமன்வில் 2007-இல் தொடங்கி 2024 டிசம்பரில் மின்கம்பியோடு இணைந்தது. அமெரிக்காவின் வோக்டல் நிலையத்தின் இரண்டு உலைகளுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் ஆனது.

ஆசியானுக்குள்ளேயே ஒரு பாடம் நிற்கிறது. பிலிப்பைன்ஸின் பத்தானில் 621 மெகாவாட் அழுத்த நீர் அணுவுலை 1980-களின் நடுவில் கட்டி முடிந்தது, எரிபொருளும் வந்து இறங்கியது. ஊழல் குற்றச்சாட்டு, நிலநடுக்கப் பயம், பிறகு செர்னோபில். ஒரு விளக்குகூட எரியவில்லை. 200 கோடி டாலருக்கு மேல் ஆன அந்தக் கடனை மக்கள் 2007 வரை கட்டினார்கள்.

இதனால்தான் இப்போது சிறிய உலைகள் என்ற பேச்சு. அவையும் பெரும்பாலும் இதே அழுத்த நீர் வடிவமைப்பின் சிறு வடிவங்கள். தணல் சிறியது, குளிர்விப்பது எளிது, ஆலையில் செய்து கொண்டுவந்து பொருத்தலாம் என்கிறார்கள். தொழில்நுட்பத்தில் அது சரியான திசை. ஆனால் கடைக்குப் போய் வாங்கும் நிலையில் இன்னும் இல்லை. ரஷ்யாவின் மிதக்கும் நிலையம் ஒன்று 35 மெகாவாட் உலைகள் இரண்டோடு 2020 முதல் ஓடுகிறது. சீனாவின் ஹைனானில் 125 மெகாவாட் உலை ஒன்றின் கட்டுமானம் 2021-இல் தொடங்கியது. அமெரிக்காவில் அதிகம் விளம்பரமான நூஸ்கேல் திட்டம், செலவு ஏறியதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. 2031 என்று சொல்பவர்கள் எந்த உலையை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1,000 மெகாவாட் என்றால் ஆண்டு பொருந்தவில்லை. சிறிய உலை என்றால் நாம் மற்றவர்களின் சோதனைக்கு முதல் வாடிக்கையாளர்.

கட்டணமும் இதில் இருக்கிறது. 2025 ஜூலை முதல் மின்கட்டண முறை மாறி, எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் சரிக்கட்டும் ஏற்பாடு வந்துள்ளது. அணுமின்சாரத்தில் எரிபொருள் செலவு குறைவு, கட்டுமானக் கடன்தான் பெரிது. பத்து ஆண்டு தாமதமானால் அந்த வட்டி எந்தப் பில்லில் வந்து விழும் என்பது தாமானில் இருப்பவருக்கும் தோட்டத்தில் இருப்பவருக்கும் ஒரே கேள்வி.

புக்கிட் மேரா மறக்கவில்லை

இந்நாட்டுக்கு அணு முற்றிலும் புதிதல்ல. பாங்கியில் 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை ஒன்று 1982 ஜூன் 28 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நீச்சல் குளம் போன்ற தொட்டியில் இருக்கும் சிறு உலை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காக நடத்தப்படுகிறது. நம்மிடம் ஆள் இல்லை என்பவர்களுக்கு அது ஒரு பதில்.

அதே 1982-இல் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் ஆசிய அரிய மண் ஆலையும் இயங்கத் தொடங்கியது. அது அணுவுலை அல்ல. ஈயச் சுரங்கக் கழிவான அமாங்கிலிருந்து அரிய உலோகம் பிரிக்கும் ஆலை. ஆனால் மிஞ்சிய கழிவில் கதிரியக்கத் தோரியம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்யாமலே வேலையைத் தொடங்கினார்கள். பாப்பானில் குழி தோண்டியபோது மக்கள் மறித்தார்கள். குடியிருப்பாளர்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் அலாமும் அவர்களோடு நின்றன. 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, 1993 டிசம்பரில் மேல்முறையீட்டில் ஆலை வென்றது, ஆனாலும் 1994-இல் மூடிவிட்டார்கள். துப்புரவுப் பணி அதன்பின் ஆண்டுக்கணக்கில் நடந்தது. பினாங்கின் இவ்விரு அமைப்புகளும் அணுமின்சாரத்தை நெடுங்காலமாக எதிர்ப்பதற்குப் பின்னால் ஏட்டுப் படிப்பு மட்டும் இல்லை, இந்த நேரடி அனுபவமும் இருக்கிறது. 2011-இல் மலேசிய அணுமின் கழகம் தொடங்கி, 2018-இல் துன் மகாதீர் வேண்டாம் என்று சொல்லி அது மூடப்பட்டதற்கும் இந்த நினைவு ஒரு காரணம்.

அணுவுலையின் கழிவு தோரியக் கழிவைவிடப் பல மடங்கு கடுமையானது. உலையிலிருந்து எடுத்த கோல்களை ஐந்து ஆண்டுகளாவது நீர்த்தொட்டியில் வைக்க வேண்டும், பிறகு எஃகு, கான்கிரீட் பீப்பாய்களில். இறுதியாகப் பாறைக்கடியில் புதைக்கும் இடத்தை உலகில் ஃபின்லாந்துதான் முடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அளவு குறைவு என்பது உண்மை. காலம் நீளம் என்பதும் உண்மை.

இதில் தோட்டத்து மக்களுக்கு என்று தனியாக ஒரு கவலை இருக்கிறது, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பெரிய நிலப்பரப்பு, கடல் பக்கம், குறைந்த குடியிருப்பு என்று அரசாங்கம் தேடும்போது கண்ணில் முதலில் படுவது தோட்ட நிலம். பத்து காவான் தோட்டம் தொழிற்பேட்டையானதை நம்மவர் பார்த்திருக்கிறார்கள். நிலம் கைமாறும்போது பேச்சுவார்த்தை நிறுவனத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே நடக்கும். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. 1.6 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வீடு இருந்தால் இழப்பீடு யாருக்கு, நிலத்துக்கு உரியவருக்கா, அதில் குடியிருப்பவருக்கா? விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு, உலையை விற்ற நிறுவனம் அதில் பங்கு ஏற்குமா? இந்தியா 2010-இல் பொறுப்புச் சட்டம் இயற்றியபோது நிலையத்தை நடத்துபவருக்கு 1,500 கோடி ரூபாய் என்று வரம்பு வைத்தது. விற்றவரிடமும் கேட்கலாம் என்று அதில் எழுதியதால்தான் பல ஆண்டுகள் வெளிநாட்டு நிறுவனங்கள் தயங்கின. அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

திருத்தப்பட்ட உரிமச் சட்டம் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கிறது. மைபவர் கழகம் பொதுமக்களைச் சந்திக்கும் கூட்டங்கள் நடத்தும்போது, அது புத்ராஜெயா விடுதி அரங்கில் மட்டும் நடக்குமா, நிபோங் திபால் சமூக மண்டபத்திலும் தமிழில் நடக்குமா என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பினாங்கு சட்டமன்ற உறுப்பினர்களும் இப்போதே கேட்கலாம். இடங்களின் பட்டியல் வெளியான பிறகு கேட்டால், இடிந்தகரையில் கிடைத்த நிபுணர் குழுதான் இங்கேயும் கிடைக்கும்.